ஃபோன் சென்சார் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்?

சென்சார்களைச் சோதிக்கும் ஆப் ஒன்றை ஃபோனில் போட்டுப் பார்க்காத வரைக்கும் நிம்மதி. பார்த்தால் போச்சு. மேசைமேல் ஆடாமல் அசையாமல் கிடக்கும் ஃபோனில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். புவியீர்ப்பு 9.81 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம், ஆப் 9.93 என்கிறது. சுற்றவே சுற்றாத ஃபோன் ஏதோ கொஞ்சம் சுற்றுவதாக கைரோஸ்கோப் சொல்கிறது. காம்பஸோ, பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபோனின் வடக்கை ஒத்துக்கொள்வதே இல்லை. என் சித்தப்பா மகன் புது ஃபோன் வாங்கிய கையோடு இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அண்ணா, டிஃபெக்ட் பீஸைத் தலையில கட்டிட்டாங்களா? திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவனுக்குச் சொன்னது பாதிதான், மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு. வீட்டில் கிடந்த பழசு, புதுசு எல்லா ஃபோனையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடச் சரியாக 9.81 காட்டியதில்லை, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனதும் இல்லை.

முதலில், அந்த 9.81 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 9.78, துருவத்தில் 9.83. அடுத்தது, இந்த எண்ணைத் தரும் ஆக்சிலரோமீட்டர், அதாவது அசைவையும் சாய்வையும் அளக்கும் சென்சார், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிப். அதற்குள்ளே சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. ஃபோன் அசைந்தால் அந்த எடை இம்மியளவு நகரும்; நகர்வை மின்சார மாற்றமாக அளக்கிறார்கள். சிப்பைப் போர்டில் சாலிடர் செய்யும்போது படும் சூடும் இறுக்கமும் போதும், அதன் சுழியம் கொஞ்சம் தள்ளிப்போய்விடும். ஃபோனில் போடும் ரகச் சிப்களின் டேட்டாஷீட்டைப் பார்த்தால் ±20 மில்லி-ஜி, ±40 மில்லி-ஜி பிசகு இருக்கலாம் என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார். மில்லி-ஜி என்பது புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 20 மில்லி-ஜி என்றால் 9.81 கணக்கில் கிட்டத்தட்ட 0.2. ஆக 9.93 என்பது குறை அல்ல, அந்த ரகத்தின் சாதாரண குணம்.

இதனால் நமக்கு ஏதாவது நஷ்டமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அஞ்சு நிமிஷம் கூட்டி வைத்த கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் காலம் ஓடுகிறது. மணிக்கு அஞ்சு நிமிஷம் கூடிக்கொண்டே போகும் கடிகாரத்தை வைத்து ஒரு நாள் ஓட்ட முடியாது. இரண்டிலும் அஞ்சு நிமிஷப் பிழைதான். சென்சார் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நான் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: பிழை மாறாமல் நிற்கிறதா, சேர்ந்துகொண்டே போகிறதா, அந்த எண்ணை வைத்து நான் என்ன முடிவு எடுக்கப்போகிறேன்?

திரை தானாகத் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் பல டிகிரி சாய்ந்த பிறகுதான் அது முடிவெடுக்கும். அரை டிகிரிப் பிழையை அது கண்டுகொள்ளவே செய்யாது. காலடி எண்ணுவதும் அப்படித்தான். ஒவ்வோர் அடிக்கும் ஆக்சிலரோமீட்டரில் ஒரு ஏற்றமும் இறக்கமும் வரும். அந்தத் தாளத்தைத்தான் மென்பொருள் தேடுகிறது. எல்லா எண்ணோடும் 0.1 கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் தாளம் மாறாது. அடிக்கணக்கு தப்பாவது சென்சாரால் அல்ல, ஃபோன் எங்கே இருந்தது என்பதால். கைப்பையில் கிடந்தால் ஒரு கணக்கு, சட்டைப்பையில் இருந்தால் ஒரு கணக்கு, குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் போனால் உட்கார்ந்த இடத்திலேயே நடந்ததாக ஒரு கணக்கு. தினமும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்பது நன்றாகவே தெரியும். அதற்கு மேல் அந்த எண்ணிடம் எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை. இத்தனைக்கும் எல்லாரும் துரத்துகிற அந்தப் 10,000 அடி, மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த இலக்கு அல்ல. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்த விளம்பரத்தில் பிறந்தது.

பிழை நிஜமாகவே கையைக் கடிப்பது, ஃபோனை ரசமட்டமாக்கும்போது. சுவரில் ஒரு மீட்டர் நீளப் பலகை அடித்தேன். ஃபோனைப் பலகைமேல் நிமிர்த்தி, நீளப் பக்கம் படும்படி வைத்தால் 0.9 டிகிரி என்றது. ஒரு டிகிரிதானே என்று நினைக்கக் கூடாது. ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. பென்சில் வைத்தால் உருளும். ஆனால் அந்த 0.9இல் பலகையின் பங்கு எவ்வளவு, ஃபோனின் பங்கு எவ்வளவு?

இதற்கு ஒரு வழி உண்டு, எந்தக் கருவியும் வேண்டாம். ஃபோனை அதே இடத்தில், அதே விளிம்பு படும்படி, இடம் வலம் மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். அதாவது திரை உங்களைப் பார்த்து இருந்தது இப்போது சுவரைப் பார்க்க வேண்டும். நான் திருப்பி வைத்தபோது 0.3 டிகிரி எதிர்ப்பக்கம் காட்டியது. திருப்பும்போது பலகையின் சாய்வு குறி மாறிவிடும், ஃபோனின் பிழை குறி மாறாது. எனவே 0.9, மைனஸ் 0.3 இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.6 டிகிரி, பலகையின் உண்மையான சாய்வு. மிச்சம் 0.3 ஃபோனுடையது. பலகையின் ஒரு முனையை ஏற்றி, இரண்டு பக்கமும் 0.3 என்றே காட்டும்வரை சரிசெய்தேன். சுழியம் காட்டவேண்டிய அவசியமே இல்லை, இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் போதும். கொத்தனார்கள் ரசமட்டத்தைத் திருப்பி வைத்து ஒருமுறை பார்ப்பதும் இதற்குத்தான்.

இதில் ஃபோனின் சென்சாரைவிட மோசமான வில்லன்கள் இருக்கிறார்கள். தரையில் படுக்க வைத்தால் கேமரா மேடு முட்டும். நிமிர்த்தினால் வால்யூம் பட்டன் முட்டும். கவர் ஒரு ஓரத்தில் லேசாகப் பிதுங்கியிருக்கும். கவரைக் கழற்றிவிட்டு, பட்டன் இல்லாத விளிம்பில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சில ஃபோன்களில் மட்டம் காட்டும் ஆப்பிலேயே அளவைச் சுழியமாக்கும் வசதி இருக்கும். அதைத் தட்டும் முன் ஃபோன் வைத்திருக்கும் இடம் நிஜமாகவே மட்டம்தானா என்று திருப்பி வைத்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோணலையே மட்டம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். 2013இல் ஐபோன் 5எஸ் வந்தபோது மட்டம் சில டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று பரவலாகப் புகார் கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 7.0.3 அதைச் சரிசெய்தது. மாறாத பிழையாக இருந்தால் மென்பொருளிலேயே கழித்துவிடலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

காம்பஸ் கதை வேறு. பூமியின் காந்தப்புலம் ரொம்பப் பலவீனம். இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. ஃபோனுக்குள்ளேயே ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. வெளியே கவரில் ஒட்டும் காந்தம், காரில் ஃபோனைப் பிடித்துக்கொள்ளும் காந்த ஸ்டாண்டு, மேசையின் இரும்புக் கால், சுவருக்குள் ஓடும் கம்பி என்று எல்லாம் போட்டி போட்டு இழுக்கும். ஃபோனோடு சேர்ந்தே திரும்பும் காந்தத்தை, ஃபோனை எட்டு வடிவத்தில் சுழற்றும்போது மென்பொருள் கண்டுபிடித்துக் கழித்துவிடும். மேசை இரும்பை அப்படிக் கழிக்க முடியாது. அதனால் மேசைமேல் வைத்து இரண்டு ஃபோன்களின் வடக்கை ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று கெடுக்கவும் செய்யும். திறந்த வெளியில், கவரைக் கழற்றி, எட்டுப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்குப் பிறகும் சில டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒன்றில் காந்த வடக்கும் (காம்பஸ் ஊசி காட்டும் பக்கம்) இன்னொன்றில் உண்மை வடக்கும் (வட துருவம் இருக்கும் பக்கம்) காட்டும்படி வைத்திருக்கிறதா என்று அமைப்புகளில் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி சில பிரதேசங்களில் பத்து, இருபது டிகிரியைத் தாண்டும்.

சரி, பத்து டிகிரி தப்பு என்றே வைப்போம். மொட்டை மாடியில் சோலார் பேனலைத் திசை பார்த்து வைக்க அது தாராளம். சூரியனை நேராகப் பார்ப்பதிலிருந்து பத்து டிகிரி விலகினால் விழும் வெளிச்சத்தில் சுமார் ஒன்றரை சதவீதம்தான் குறையும். பேனல்மேல் படியும் தூசி அதைவிட அதிகம் தின்றுவிடும். அதே மாடியில், அதே ஃபோனை வைத்து, 60 சென்டிமீட்டர் டிஷ் ஆன்டெனாவைச் செயற்கைக்கோள் பக்கம் திருப்பப் பாருங்கள், கிடைக்காது. அந்த டிஷ்ஷின் பார்வை அகலமே சுமார் மூன்று டிகிரி. ஃபோன் எந்தப் பக்கம் என்று காட்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிக்னல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். சென்சார் மாறவில்லை, பிழை மாறவில்லை, வேலைதான் மாறியிருக்கிறது.

வழி தேடும்போது காம்பஸ் குழம்பினால் நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. மேப்பில் நீலப் புள்ளிக்கு முன்னால் விரியும் விசிறி அகலமாக இருந்தால், ஃபோனுக்கே திசை நிச்சயமில்லை என்று அர்த்தம். பத்து இருபது அடி ஏதாவது ஒரு பக்கம் நடந்தால் போதும், புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும்.

அந்த நீலப் புள்ளியைப் பற்றி. திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்ஃபோனின் ஜிபிஎஸ் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் சரியாக இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தகவல் தளம் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்துத்தான் அனுப்பியது. அப்போது நூறு மீட்டர் தப்பு சகஜம். இன்று உயரமான கட்டடங்களுக்கு நடுவேதான் தொல்லை. சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருவதால் தெருவின் இந்தப் பக்கம் நிற்பவரை அந்தப் பக்கம் காட்டும். 2018இல் ஷாவ்மி மி 8 தொடங்கி வந்த, ஜிபிஎஸ் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் ஃபோன்களில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

ஐந்து மீட்டர் தப்பு, வண்டியை வாசலுக்கு வரவழைக்கப் போதும். வேலி போட ஆகவே ஆகாது. இருபது மீட்டர் அகல மனையின் ஓரங்களில் ஃபோனோடு நடந்து பரப்பளவு சொல்கிற ஆப்கள் இருக்கின்றன. 20 மீட்டர் அகலம் 16 என்றும் வரும், 24 என்றும் வரும். விவசாய நிலத்துக்கு உரம் எவ்வளவு வேண்டும் என்று தோராயமாகப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைத் தகராறு பேச அந்தப் படத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

தூரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டப் பயிற்சி ஆப்பை ஓட விட்டுவிட்டு ஓரிடத்தில் நின்று பேசினால், சில ஆப்களில் தூரம் தானாக ஏறும். நின்ற இடத்திலேயே புள்ளி இரண்டு மூன்று மீட்டர் இங்கும் அங்கும் அலைவதை எல்லாம் ஆப் கூட்டிக்கொள்கிறது. நேர்ப்பாதையில் இது தூரத்தைக் கொஞ்சம் அதிகமாக்கும். வளைந்து வளைந்து போகும் பாதையில் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போடுவதால் தூரம் குறையவும் செய்யும். நிற்கும்போது இடைநிறுத்தம் போட்டுக்கொள்வது நல்லது.

வேகம் மட்டும் ஆச்சரியப்படும்படி துல்லியம். செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசை மாற்றத்திலிருந்து நேரடியாகவே வேகத்தை எடுக்க முடியும், இடத்தைக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. காரின் ஸ்பீடோமீட்டர் 84 காட்டும்போது ஃபோன் 80 என்றால் ஃபோனைச் சந்தேகிக்காதீர்கள். ஐ.நா. வாகன விதி 39ன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை. அதனால் தயாரிப்பாளர்கள் கூட்டியே வைக்கிறார்கள்.

உயரம் என்று வந்தால் கதையே வேறு. கடற்கரையில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்த்தால் மைனஸ் தொண்ணூறு மீட்டர் என்று காட்டுவதைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. அது சென்சார் பிழையே இல்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்கு வரைந்து வைத்த வழவழப்பான ஒரு கணித உருவத்திலிருந்து. உண்மைக் கடல்மட்டமோ ஈர்ப்புக்கு ஏற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இந்த வித்தியாசம் சுமார் 106 மீட்டர், உலகிலேயே பெரிய பள்ளம் அது. இதைக் கணக்கில் எடுக்கும் ஆப் சுழியத்தை ஒட்டிக் காட்டும், எடுக்காத ஆப் உங்களைக் கடலுக்கடியில் தள்ளும். ஆப்பை மாற்றினால் தீர்கிற பிரச்சினைக்கு ஃபோனைக் குறை சொல்வானேன்? காற்றழுத்தச் சென்சார் உள்ள ஃபோன் என்றால் மாடி ஏறி இறங்கும் வித்தியாசம் அருமையாகத் தெரியும், ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் மழை வரும்போது அழுத்தம் மாறினாலும் அது உயரம் மாறியதாகவே எண்ணும்.

சேர்ந்துகொண்டே போகும் பிழைக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆக்சிலரோமீட்டரை மட்டுமே வைத்து எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்க முயன்றால், வெறும் 0.05 பிழை ஒரே நிமிடத்தில் 90 மீட்டர் தப்பாக வளர்ந்து நிற்கும். இரண்டு நிமிடத்தில் 360 மீட்டர். நீளமான சுரங்கப்பாதைக்குள் போனதும் மேப் கொஞ்ச நேரம் சமாளித்துவிட்டுத் திணறுவதில் வியப்பில்லை. வெளியே வந்து செயற்கைக்கோளைப் பார்த்ததும் கணக்கைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கும். சுரங்கத்துக்குள் பிரியும் பாதை இருந்தால், நுழைவதற்கு முன்பே எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சின்னப் பிழையும் பெரிதாகும் இடம். ஒரு எல்லைக்கோட்டை வைத்து முடிவெடுக்கும் எண்கள் அவை. ரத்த ஆக்சிஜன் 94 என்பதற்கும் 91 என்பதற்கும் நடுவே மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவே இருக்கலாம். விரலில் மாட்டும் தனிக் கருவிகளே கருத்த தோலில் கூட்டிக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2021இல் எச்சரித்தது. ஃபோனும் வாட்ச்சும் அதைவிடப் பெரிய ஆள் அல்ல. மூச்சு வாங்குகிறது, ஃபோன் 97 என்கிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். சத்தமும் அப்படி. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. அப்படியானால் ஃபோன் 3 டெசிபெல் குறைத்துக் காட்டினாலே கணக்கு இரட்டிப்பாகத் தப்பும். நியாஷ் தன் சத்தம் அளக்கும் ஆப்பை ஐபோனுக்கு மட்டும் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டில் மைக் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு விதம். அறை வெப்பநிலை காட்டும் ஆப்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெரும்பாலான ஃபோன்களில் அதற்குச் சென்சாரே கிடையாது. பேட்டரிச் சூட்டைக் காட்டிவிட்டு அறைச் சூடு என்பார்கள்.

நான் எதிர்பார்க்காத கோணம் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோனின் பிசகும் தனித்தனி என்றால், அந்தப் பிசகே அதன் கைரேகை ஆகிவிடாதா? ஆகிவிடும். தொழிற்சாலையில் சென்சாருக்குப் போடும் திருத்த எண்களைத் தலைகீழாகக் கணக்கிட்டு ஐபோனை அடையாளம் காணலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அனுமதிகூடக் கேட்காமல் ஒரு இணையதளம் அதைச் செய்ய முடிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஐஓஎஸ் 12.2இல் ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது. பிரவுசரில் சென்சார் அனுமதி கேட்கும் தளத்துக்கு, காரணம் தெரியாமல் சரி என்று தட்டாமல் இருப்பது என் பழக்கம்.

அப்படியானால் எப்போதுதான் ஃபோனைச் சர்வீஸுக்குக் கொண்டுபோவது? எண் கொஞ்சம் தள்ளியிருப்பதற்காகப் போகாதீர்கள். ஃபோனைச் சாய்த்தாலும் மாறாமல் உறைந்து நிற்கும் எண், எப்போதும் சுழியமே காட்டும் அச்சு (x, y, z என்ற மூன்று திசைகளில் ஒன்று), தொடாமலே திடீர் திடீரென்று எகிறும் எண், எட்டுப் போட்டும் கவரைக் கழற்றியும் திரும்பாத காம்பஸ் ஆகியவைதான் உண்மையான கோளாறு. அதற்கு முன் செய்ய வேண்டியது: கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்ட சூடு ஆறட்டும், ஃபோனை ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். கைரோஸ்கோப்பின் சுழியத்தைப் பல ஃபோன்கள் அப்படி அசையாமல் இருக்கும்போதுதான் தாமாகச் சரிசெய்துகொள்கின்றன. பிறகு ரீஸ்டார்ட். சாம்சங் ஃபோன் பலவற்றில் டயலரில் *#0*# போட்டால் சோதனைத் திரையே வரும்.

பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு அழைப்பு கட்டாகிறது என்ற புகார்தான் சென்சார் பற்றி என்னிடம் அதிகம் வருகிறது. அருகாமை சென்சார் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. அதை மறைக்கும்படி ஒட்டிய ஸ்கிரீன் கார்டோ, அந்த இடத்தில் சேர்ந்த அழுக்கோதான் பெரும்பாலும் காரணம். ஈரம் தொட்ட மெல்லிய துணியால் திரையின் மேல் ஓரத்தைத் துடைத்துவிட்டு ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கார்டைப் பிய்த்துவிட்டு இன்னொரு அழைப்பு.